எம்.எஸ்சி.யில் பூச்சியியல்: குமரி மாவட்டத்தில் படித்து முடித்தவளின் மதிப்பீடு

நாகர்கோவில் வட்டாரத்தில் விலங்கியல் எம்.எஸ்சி. சேர நினைப்பவர்களுக்கு, பூச்சியியலும் பல்லுயிர்ப் பாதுகாப்பும் சிறப்புப் பாடமாக உள்ள இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். செய்முறை வகுப்புக்கும் களப்பயணத்துக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன். கருத்தியல் வகுப்புகளுக்குப் பாதி. ஆய்வகத்தில் பொருட்களைப் பாதுகாக்கும் விதத்துக்கு மிகக் குறைவு. நான் படித்த கல்லூரியின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். அங்கே இப்போதும் பிள்ளைகள் படிக்கிறார்கள், நல்ல ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள்.

பூச்சியைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் உறவினர் பலர் கேட்ட கேள்வி, "பூச்சிமருந்துக் கடை வைக்கப் போகிறாயா?" என்பதுதான். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலத்திலிருந்து தேன்பெட்டி வைத்திருக்கிறோம். தை மாதம் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது அப்பா பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோவார். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று சிற்றிலைகள் பிரியும் இடத்தில், காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. அதை அப்பா சின்ன வயதிலேயே எனக்குக் காட்டியிருக்கிறார். பல செடிகள் இப்படி இலையில் தேன் சுரந்து எறும்புகளை வரவழைக்கின்றன, அந்த எறும்புகள் இளந்தளிரைத் தின்ன வரும் புழுக்களை விரட்டுகின்றன என்பதைக் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து சொன்னபோது, அப்பா எழுந்துபோய் ஒரு தளிரைப் பறித்து வந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்பா என்னிடம் கேட்ட கேள்வி வேறு. "மக்களே, தொண்ணூறுகளில் நம் பெட்டிகள் எல்லாம் ஏன் காலியாயின என்று உங்கள் சாரிடம் கேட்டுச் சொல்." 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் குமரியிலும் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. புழு கூட்டுப்புழுவாக மாற முடியாமல், நீர் நிறைந்த பை போல வீங்கி, அறைக்குள்ளேயே செத்துவிடும். அந்த வைரஸுக்கு மருந்து இல்லை. நோய்க்குத் தப்பிய கூட்டங்களைப் பெருக்கித்தான் இந்த மாவட்டத்துத் தேனீ வளர்ப்பு மீண்டது. ஓர் இனத்துக்குள் வேறுபாடுகள் பல இருந்தால்தான் பேரழிவில் சிலவாவது பிழைக்கும் என்பதைப் பாதுகாப்பு உயிரியல் வகுப்பில் வரைபடம் போட்டு விளக்கினார்கள். அப்பாவிடம் சொல்ல எனக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

முதல் வருடம் பொதுப் பாடங்கள்: உயிரணு, உயிர்வேதியியல், மரபியல். எந்தக் கல்லூரியிலும் இருப்பதுதான். இரண்டாம் வருடம்தான் நாம் தேடி வந்த பாடங்கள் வருகின்றன. அங்கேதான் எனக்கு ஒரு பெரிய குறையும் தெரிந்தது. பொருளாதாரப் பூச்சியியலை ஓர் ஆசிரியரும் பாதுகாப்பு உயிரியலை இன்னோர் ஆசிரியரும் நடத்தினார்கள். இருவரும் ஒருவர் பாடத்தை ஒருவர் தொடவே இல்லை. முதல் பாடத்தில் பூச்சி என்றால் எதிரி. தென்னைக்குக் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும், வாழைக்குத் தண்டுக் கூன்வண்டும். ஒவ்வொன்றுக்கும் வாழ்க்கைச் சுழற்சி, சேதம், மருந்தின் அளவு. இரண்டாம் பாடத்தில் புலி, யானை, வரையாடு, பாண்டா. பெயரிடப்பட்ட விலங்கினங்களில் பாதிக்கு மேல் பூச்சிகள்தான். ஏறக்குறைய 10 லட்சம் இனங்கள். பாதுகாப்புப் பாடத்தில் அவற்றுக்குக் கிடைத்தது மிகச் சொற்பமான நேரம். குமரி மாவட்டத்தின் மலைப்பகுதி அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் வருகிறது. 2016-ல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்ந்தது அது. அந்த மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு பாண்டா படம் பார்த்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

விதிவிலக்காக ஒரு வகுப்பு. அதற்காகவே இந்தப் படிப்பைப் பரிந்துரைக்கலாம். பிரிட்டனில் பெரிய நீலன் என்ற வண்ணத்துப்பூச்சி 1979-ல் அற்றுப்போன கதையை எங்கள் ஆசிரியை அன்று எடுத்துக்கொண்டார். அதன் புழு முதலில் காட்டுத் தைம் செடியின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழுந்துவிடும். ஒரு வகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நினைத்துக் கூட்டுக்குள் தூக்கிப் போகும். உள்ளே போன புழு எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளரும். வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து வேலி போட்டார்கள். பூச்சி இன்னும் குறைந்தது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் அந்தப் புல்வெளிகளில் இருந்து கவனித்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஆடுமாடு மேய்வது நின்றதும் புல் உயர்ந்தது. நிழல் விழுந்து மண் குளிர்ந்தது. வெயில் தேடும் அந்த ஒரு வகை எறும்பு இல்லாமல் போனது. எறும்போடு வண்ணத்துப்பூச்சியும் போனது. மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1980களில் ஸ்வீடனிலிருந்து பூச்சியைக் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது அங்கே பறக்கிறது.

கதையை முடித்துவிட்டு ஆசிரியை எங்களைக் கல்லூரித் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். மருத மரத்தில் முசிறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு இருந்தது. பக்கத்து இலையில் ஒரு நீலன் வகைப் புழு. அதன் முதுகில் இரண்டு எறும்புகள் கொம்பால் தட்டிக்கொண்டிருந்தன. புழு முதுகின் பின்பக்கத்தில் ஒரு துளி கசிந்தது, எறும்பு குடித்தது. புழுவுக்குக் காவல், எறும்புக்கு இனிப்பு. கடிக்கிறது என்று முசிறுக் கூட்டைத் தீவைத்துக் கொளுத்துவது எங்கள் ஊரில் சாதாரணம். அந்த வகுப்புக்குப் பிறகு எங்கள் விளையில் (தோப்பில்) யாரையும் அப்படிச் செய்ய நான் விட்டதில்லை.

களப்பயணங்கள் நன்றாக இருந்தன. மாவட்டம் சிறியது என்பது இந்தப் படிப்புக்குப் பெரிய வரம். காலையில் மணக்குடிக் கழிமுகத்துச் சதுப்புக்காடு, மாலையில் கீரிப்பாறை அடிவாரம் என்று ஒரே நாளில் போய்வரலாம். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் பெரிய மரங்களின் கீழ் நின்றே பாதிப் பாடம் படித்துவிடலாம். சரணாலயத்துக்குள் போக வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். அதற்குக் கல்லூரி நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் கல்லூரி தாமதமாக விண்ணப்பித்ததால் பேச்சிப்பாறைக்கு மேலே போகும் பயணம் மழைக்காலத்தில் போய் விழுந்தது, பாதியில் திரும்பினோம். ஆசிரியர்கள் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லித் தந்தார்கள்: 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றையும் காக்கிறது. வயலிலும் விளையிலும் கிடைப்பதைப் பிடிக்கலாம், காட்டில் கண்ணும் கேமராவும் போதும் என்பது எங்கள் துறையின் கட்டளை. அதைக் கண்டிப்பாக நடத்தியதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

தேரூர் குளத்துப் பயணம் தனியாகச் சொல்ல வேண்டியது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சார் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. போகிறவர்கள் எல்லாரும் பறவை பார்க்கப் போகிறார்கள். எங்களைக் கரையோரக் கோரைப்புல்லில் குனிந்து தேடச் சொன்னார்கள். தண்ணீருக்குச் சற்று மேலே, தண்டைப் பிடித்தபடி, தும்பி உரித்துவிட்டுப் போன தோல் இருந்தது. பழுப்பு நிறம், காகிதக் கனம்; கால்நகம்கூட அப்படியே. முதுகில் நீளமாக ஒரு பிளவு. பிளவுக்குள் வெள்ளை நூல்கள் தொங்கின. அவை சுவாசக் குழாய்களின் உட்தோல். தும்பி வெளியே வரும்போது அதையும் உரித்துவிட்டு வருகிறது. பறக்கும் தும்பி எங்கிருந்தும் வந்திருக்கலாம், தோல் கிடைத்தால் அது இந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தது என்று உறுதி. குளத்தின் நலத்தைக் கணக்கெடுக்க அந்தத் தோலைப் பொறுக்கினால் போதும், ஓர் உயிரைக்கூடக் கொல்ல வேண்டாம். நாங்கள் தீப்பெட்டிகளில் பஞ்சு வைத்து எடுத்து வந்து ஆய்வகத்தில் கீழுதட்டின் வடிவத்தைப் பார்த்து வகை பிரித்தோம்.

கடைசி செமஸ்டர் ஆய்வுத் திட்டத்துக்கு நான் எடுத்தது தென்னையில் சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்டு, பிறகு தென்னை உள்ள ஊர்களில் எல்லாம் பரவிய பூச்சி இது. ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிடும். கீழ் ஓலையில் தேன்போல் கசிவு விழுந்து கரும்பூசணம் படரும். விளை முழுக்கக் கறுத்துப்போனதும் ஆட்கள் பயந்துபோய் மருந்து தெளித்தார்கள். என் வேலை, பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸை வைத்துக்கொண்டு கூட்டுப்புழுக்களின் மேலோட்டைப் பார்ப்பது. வெள்ளை ஈ வெளியே வந்த ஓட்டில் ஆங்கில 'T' எழுத்தைப் போல ஒரு கிழிசல் இருக்கும். சில ஓடுகள் கறுத்து, அவற்றில் ஊசியால் குத்தியது போல வட்டமான துளை இருக்கும். அந்தத் துளை வழியே வந்தது வெள்ளை ஈ அல்ல. என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி. வெள்ளை ஈயின் உடலுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்து தின்று, ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மருந்து தெளித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், குளவியைக் காப்பாற்றுங்கள் என்பதே.

தெளித்த விளையையும் தெளிக்காத விளையையும் ஒப்பிட்டு வட்டத்துளை விகிதத்தை எடுத்தேன். தெளிக்காத விளையில் வட்டத்துளை கண்ணுக்குத் தெரியும் அளவு அதிகம். பக்கத்து விளைக்காரர் சித்தப்பா முறை. அவரிடம் லென்ஸைக் கொடுத்துக் காட்டினேன். "இவ்வளவு சின்னதா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மரத்து ஓலையை அவரே இழுத்துப் பிடித்துப் பார்த்தார். எதிரிப் பூச்சியும் காக்க வேண்டிய பூச்சியும் ஒரே ஓலையில் இருக்கின்றன. இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாக நடத்திய பாடங்களை எனக்கு ஒன்றாக்கியது இந்த ஆய்வுத் திட்டம்தான். மரச்சீனி (மரவள்ளி) மாவுப்பூச்சிக்கும் இதே வழிதான் பயன்பட்டது: 2020-ல் கேரளத்தில் அது தெரிந்ததும், பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் செயலகம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற குளவியை வரவழைத்து, வளர்த்து, 2022-ல் தமிழ்நாட்டு வயல்களில் விட்டது. மரச்சீனியும் மீனும் இல்லாமல் எங்கள் ஊரில் சாப்பாடு இல்லை. அந்தக் குளவிக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். ஒவ்வொரு மாணவரும் ஒரு பூச்சிப் பெட்டி சமர்ப்பிக்க வேண்டும். அதைச் செய்யச் சொல்லித் தந்த விதம் அருமை. வண்டுக்கு ஊசி வலது முன்னிறகில், மேல்பக்கமாக, நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே வெளியே வரும்படி குத்த வேண்டும். இடப்பக்கம் முழுதாக இருந்தால்தான் அடுத்து ஆராய்பவருக்கு ஓர் ஒழுங்கான பாதி கிடைக்கும். வண்ணத்துப்பூச்சிக்கும் தும்பிக்கும் மார்பின் நடுவில். எறும்பு போன்ற சிறியதை ஊசியில் குத்தக் கூடாது, முக்கோணமாக வெட்டிய அட்டைத் துண்டின் நுனியில் ஒட்ட வேண்டும். ஊசியின் கீழே லேபிள்: ஊர், தேதி, எந்தச் செடியில், யார் பிடித்தது. பெட்டி மூலையில் நாப்தலின் உருண்டை. "லேபிள் இல்லாவிட்டால் அது செத்த பூச்சி, லேபிள் இருந்தால் சாட்சி" என்று செய்முறை ஆசிரியர் வகுப்புக்கு வகுப்பு சொல்வார்.

தேர்வு முடிந்து வெளித்தேர்வாளர் கையெழுத்துப் போட்டுப் போனதும் அந்தச் சாட்சிகள் என்ன ஆகின்றன? ஆய்வகத்துக்குப் பின்னால், ஓட்டுக்கூரை ஒழுகும் அறையில் அடுக்கப்படுகின்றன. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. நாப்தலின் கரைந்த பெட்டிகளில் பூஞ்சை பிடிக்கிறது, தோல்வண்டு புகுந்து தூளாக்குகிறது, கோடை விடுமுறையில் குப்பையோடு போகிறது. பல பத்தாண்டுகளாக எம்.எஸ்சி. நடத்தும் துறை அது. எனக்கு முன் படித்த அக்காக்களும் அண்ணன்களும் நாஞ்சில்நாட்டு வயல் ஏலாக்களில் பிடித்தது ஒன்றுகூட இல்லை. அந்த வயல்களில் பல இன்று வாழையாகவும் ரப்பராகவும் வீட்டுமனையாகவும் நான்குவழிச் சாலையாகவும் மாறிவிட்டன. அங்கே அப்போது எந்தெந்தத் தும்பி பறந்தது என்று சொல்லும் லேபிள்கள் நம் கையில் இருந்தன. நாமே குப்பையில் போட்டோம்.

பூச்சிகள் குறைகின்றன என்று உலகம் திரும்பிப் பார்த்தது 2017-ல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வால். காப்பிடங்களிலேயே பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அந்தக் கணக்கைத் தந்தது கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சியியல் சங்கம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பூச்சிமேல் கொண்ட ஆசையால் சேர்ந்தவர்கள். ஒரே முறையில் பொறி வைத்தார்கள், எடை போட்டார்கள், பிடித்ததைப் போத்தல்களில் போட்டுப் பத்திரமாக வைத்தார்கள். நம்மிடம் பொறியும் உண்டு, பெட்டி செய்ய ஆட்களும் ஆண்டுதோறும் உண்டு. வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை. எங்கள் பேட்ச் துறைத் தலைவரிடம் போய்க் கேட்டு ஒரு இரும்பு அலமாரி வாங்கினோம். எங்கள் பெட்டிகள் மட்டும் அதில் இருக்கின்றன. சேர்க்கைக்குப் போகும்போது பழைய பெட்டிகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோரும் கேளுங்கள். கேட்பவர்கள் அதிகமானால் அந்த அலமாரி இரண்டாகும்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல நுண்ணோக்கிகள் போதாது, மூன்று பேர் ஒன்றைப் பகிர வேண்டும். விடுதிப் பெண்களுக்கு மாலைக்குப் பிறகு வெளியே வர அனுமதி இல்லை. அந்துப்பூச்சிகளைப் பற்றிய பாடத்தில் இரவு விளக்குப்பொறி இல்லாமல் என்ன படிப்பது? வீட்டிலிருந்து போய்வந்த நான் மாடியில் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்குப் போட்டுப் பார்த்தேன். அரளிச் செடியில் வளரும் பச்சை நிறப் பருந்து அந்து வந்து அமர்ந்தபோது என் வகுப்புத் தோழிகள் அதைப் படமாகத்தான் பார்த்தார்கள். பாதுகாப்பான ஏற்பாட்டோடு மாதம் ஓர் இரவாவது பெண்களுக்கும் வேண்டும். அடுத்து, தாவரவியல் இல்லை. தென்னிந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்றான பொன்னழகியின் புழு ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று வளர்வது. அந்தக் கொடியை அடையாளம் தெரியாமல் அந்தப் பூச்சியைக் காப்பது எப்படி? எங்கள் ஊர் நாட்டு வைத்தியர்தான் எனக்குக் கொடியைக் காட்டினார். அவரைப் போன்றவர்களைக் கல்லூரி ஒரு நாள் அழைத்துப் பேச வைக்கலாம்.

வேலையைப் பற்றி நேராகச் சொல்கிறேன். இந்தப் பட்டத்தோடு உடனே வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் உயிர் அறிவியல் தேர்வு எழுதி ஆராய்ச்சிக்குப் போகலாம், ஆய்வுத் திட்டங்களில் களப்பணியாளராகச் சேரலாம், ஆசிரியர் பணிக்கு முயலலாம். வேளாண் பூச்சியியலில் முதுகலை வேண்டும் என்றால் பெரும்பாலும் பி.எஸ்சி. வேளாண்மை படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவிலேயே முடிவு செய்யுங்கள். வன உயிரியலில் முழுதாக இறங்க விரும்புகிறவர்களுக்கு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுதத் துணிந்தால் டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் (என்.சி.பி.எஸ்.) இருக்கின்றன. என் தோழி ஒருத்தி அப்படித்தான் போனாள். தேர்வில் அவளுக்குக் கைகொடுத்தது தேரூரில் பொறுக்கிய தும்பித் தோல்கள்தான் என்று சொன்னாள்.

செலவு பயப்படும்படி இல்லை. அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் அதைவிடப் பல மடங்கு, சேரும் முன் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வலையைக் கடையில் வாங்க வேண்டாம்: கொசுவலைத் துணியை மார்த்தாண்டம் சந்தையில் எந்தத் தையற்காரரிடம் கொடுத்தாலும் தைத்துத் தருவார், வளையத்துக்குக் கெட்டிக் கம்பி, பிடிக்கு மூங்கில். பெட்டியை ஆசாரியிடம் செய்யுங்கள். மூடி இறுக்கமாக உட்கார வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பூச்சி ஊசி துருப்பிடிக்காததாக, அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், தையற்கடைக் குண்டூசி நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. கை லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முதல் செமஸ்டரிலேயே வாங்கிவிடுங்கள், அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டாம்.